கூட வந்தவர்

கார் மாமாவிடம் கார் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு யாரும் ஏமாற்றிவிட்டதாகக் குறைப்பட வேண்டாம். அவரிடம் இருந்ததெல்லாம் ஒரு பழைய ஸ்கூட்டர், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை, அப்புறம் கார்களைப் பற்றி வண்டி வண்டியாக அபிப்பிராயம். கார் ஓட்டவும் தெரியாது. அதை ஒரு குறையாக அவர் நினைத்ததே இல்லை. "ஓட்டறவனுக்கு ரோடுதான் தெரியும். காரைப் பாக்கணும்னா வெளியில நிக்கணும்" என்பார். முப்பது வருடமாக வெளியில்தான் நின்றுகொண்டிருந்தார்.

அந்தக் குடும்பத்தில் கார் வாங்குவதற்கு ஒரு முறை இருந்தது. பணம் கட்டுவது ஒருவர், ஓட்டப்போவது ஒருவர், எந்தக் கார் என்று முடிவு செய்வது கார் மாமா. ஷோரூம்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. வாங்க வருகிறவர் எதையும் முடிவு செய்வதில்லை, கூட வந்தவர்தான் முடிவு செய்கிறார் என்பது அந்தத் தொழிலில் காலெடுத்து வைத்த அன்றே தெரிந்துவிடும் விஷயம். அதனால் வாங்குகிறவருக்குத் தண்ணீர், கூட வந்தவருக்குக் காபி. கார் மாமா காலை ஆட்டிக்கொண்டு காபி குடிப்பார். வாங்குகிறவர், யாருடைய கல்யாணத்துக்கோ வழி தவறி வந்துவிட்டவர்போல, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பார். இந்தக் காபிக் கதையைக் கார் மாமா சொல்லாத வீடு கிடையாது. தனக்குக் கொடுத்த பட்டம்போல அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வார்.

நல்ல கார் எது என்பதில் அவருக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. காருக்கு வால் வேண்டும், அதாவது டிக்கி பின்னால் தனியாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். வால் இல்லாதது பாதிக் கார். நிறம் வெள்ளை. கதவைச் சாத்தினால் 'தொம்' என்று கேட்க வேண்டும். 'டப்' என்று கேட்டால் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவார். சீட்டில் கம்பெனிக்காரன் போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் உறையைக் கழற்றவே கூடாது. வெயில் நாளில் அது தொடையோடு ஒட்டிக்கொண்டு, இறங்கும்போது பிளாஸ்திரி உரிப்பதுபோலச் சத்தம் போடும். போடட்டும், கார் புதுசாக இருக்க வேண்டுமா வேண்டாமா?

இதற்கெல்லாம் முந்தைய ஒரு காலத்தில், வால் இல்லாத சின்ன வண்டிதான் வண்டி, மற்றதெல்லாம் படகு என்று அவரே சத்தியம் செய்திருக்கிறார். ஊரில் வால் வைத்த கார்கள் பெருகிய வருடம் அந்தச் சத்தியம் காணாமல் போயிற்று. அதை ஞாபகப்படுத்திய சம்பந்தி ஒருவரோடு அவர் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போதோ தெருவெல்லாம் உயர உயரமான வண்டிகள். "ஏணி வச்சு ஏறணும், கயிறு கட்டி இறங்கணும். ரெண்டு வருஷம் தாங்காது இந்தக் கூத்து" என்று அவர் சொல்ல ஆரம்பித்தே பல வருடம் ஆகிவிட்டது.

தங்கை மகன் ஒருவன் வங்கியில் வேலை பார்த்தான். முதல் சம்பள உயர்வு வந்ததும் சிவப்புக் கார் வேண்டும் என்றான்.

"சிவப்பா? ஏன், தீயணைப்பு நிலையத்துல வேலை மாத்திக்கிட்டியா?"

வங்கி மருமகன் அன்று வெள்ளைக் காரில் வீடு திரும்பினான். இன்றும் சிக்னலில் பக்கத்தில் ஒரு சிவப்புக் கார் வந்து நின்றால் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான்.

ஆனால் இந்தக் கதை அவனைப் பற்றியது இல்லை. கார் மாமாவின் அக்காவைப் பற்றியது.

அக்காவின் கணவருக்குப் படங்களுக்குச் சட்டம் போடும் கடை. அத்தான் அதிர்ந்து பேசாத மனிதர். ஆளுயர மரச்சட்டங்களை வாங்கி வந்து அறுத்து, இழைத்து, ஊர்க்காரர்களின் கல்யாணப் போட்டோக்களுக்கெல்லாம் வேலி கட்டினவர். அவருக்குக் கார் மாமா வாங்கிக்கொடுத்ததும் வாலுள்ள வெள்ளைக் கார்தான். டிக்கி அழகாக நீட்டிக்கொண்டிருந்தது. அதில் கொள்ளாத மரச்சட்டங்கள் முன் ஜன்னல் வழியாக நீட்டிக்கொண்டிருந்தன, நுனியில் ஒரு சிவப்புத் துணியோடு. முன்சீட்டில் அக்கா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே பயணம் செய்து பழகினாள். பல உறவினர்கள் அக்காவுக்குக் கழுத்து சுளுக்கு என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களுடைய ஒரே மகள் பிசியோதெரபி படித்துவிட்டு, நடக்க முடியாதவர்களை நடக்கவைக்கும் வேலையில் நாடு நாடாகப் போனாள். முதலில் அமெரிக்கா. அங்கிருந்து போன் செய்தாள்.

"மாமா, இங்க எதிர்வீட்டுக்காரர் பால் வாங்க லாரி மாதிரி ஒண்ணுல போறாரு. பின்னாடி பெரிய தொட்டி. அதுல ஒரு நாளும் ஒண்ணுமே இருந்து நான் பாத்ததில்ல."

"வசதியானவங்கம்மா. காலி இடத்தையும் காசு குடுத்து வாங்குவாங்க" என்றார் கார் மாமா.

அடுத்தது ஜெர்மனி. அங்கிருந்து தன் தெருவைப் படம் எடுத்து அனுப்பினாள். வாசல்தோறும் நீள நீளமான கார்கள். கூரை கடைசிவரை ஒரே மட்டமாகப் போய், பின்னால் ஒரு கதவோடு முடிந்தது. மனைவி, மக்கள், நாய், சைக்கிள் எல்லாம் உள்ளே போகுமாம். மரியாதையான குடும்பஸ்தன் அங்கே இதைத்தான் வைத்திருப்பானாம். அத்தான் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். கரும்பச்சையில் ஒன்று நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாகவும் கடைசித் தடவையாகவும் ஒரு காரைப் பற்றி வாய் திறந்தார்.

"இந்த மாதிரி ஒண்ணு இங்க விக்கறாங்களாம். மரமெல்லாம் அப்படியே உள்ள போயிடும். பச்சைகூட இருக்காம்."

கார் மாமா படத்தை வாங்கிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

"என்ன அத்தான் இது, அந்த ஊர்ல வீட்டுக்கு வீடு பிணவண்டியா வச்சிருக்காங்க?"

கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். படத்தை மூடி வைத்தார். அதோடு பேச்சு முடிந்தது.

அக்கா மகள் அடுத்து ஜப்பானுக்குப் போனாள். அங்கே தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்ததுபோலக் குட்டிக் குட்டிக் கார்களாம். தாத்தாக்கள்கூட குனியாமல் ஏறி, குனியாமல் இறங்குவார்களாம். "பாவம், அங்க இடம் கம்மி" என்று கார் மாமா அந்த நாட்டுக்காகவே வருத்தப்பட்டார். ஒவ்வொரு நாட்டுக்காரனுக்கும் ஒவ்வொரு குறை. நம்மாள் ஒருவர்தான் குறையில்லாமல் பிறந்தவர்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அத்தான் இறந்துபோனார். வெள்ளைக் கார் கொட்டகையில் நின்றது. அதன் பேட்டரியும் ஒரு நாள் செத்தது. மகள் நீண்ட விடுமுறையில் வந்திறங்கினாள். பழையதை விற்றுவிட்டு அம்மாவுக்கு ஒரு புது வண்டி வாங்கப் போகிறார்கள் என்ற செய்தி வீடு வீடாகப் பரவிற்று.

கார் மாமாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஷோரூமுக்குப் போட்டுக்கொண்டு போகும் சட்டையை இஸ்திரி போட்டுக் கடையிலேயே மாட்டி வைத்தார். அக்கா வண்டி வாங்குவதென்றால் சும்மாவா? தாயில்லாத வீட்டில் அவரைத் தூக்கி வளர்த்தவள். ஊரில் நூறு பேருக்குக் கார் பார்த்துக் கொடுத்திருக்கலாம். அக்கா ஒருத்தி கூப்பிடவில்லையென்றால் கார் மாமா என்ற பெயருக்கு என்ன அர்த்தம்? போன் அடிக்கும்போதெல்லாம் தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தார். லென்ஸ் கம்பெனிக்காரன். பால்காரன். மறுபடியும் லென்ஸ் கம்பெனிக்காரன். ஒரு வாரம் போயிற்று. அவராகக் கேட்பாரா? வைத்தியர் தானாக வந்து 'உங்களுக்குக் காய்ச்சலா?' என்று கதவைத் தட்டுவாரா?

அந்த வாரம் முழுக்க அவருக்கு ஒரே பொழுதுபோக்கு, கடை வாசலைத் தாண்டிப் போகும் டிரைவிங் ஸ்கூல் கார்தான். கொஞ்ச நாளாகவே காலையில் அது வரும். வாசலில் சரியாகத் திக்கித் திணறி நிற்கும். மறுபடி உறுமிக் கிளம்பும். "பாருங்க, க்ளட்சைப் போட்டு மிதிக்கிற மிதியில வண்டி அழுவுது" என்று வாடிக்கையாளர்களுக்குக் காட்டிச் சிரிப்பார். ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்கிறவர், அந்த வண்டியை ஓட்டுவது யார் என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. அவர் கார்களைப் பார்க்கிறவர். உள்ளே இருக்கிற ஆளையா பார்ப்பார்?

ஒரு நாள் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்தார். சோதனைச் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றி, "இது தெளிவா இருக்கா? இல்ல இது? நல்லா பாத்து, உங்களுக்கு எது சௌகரியமோ அதைச் சொல்லுங்க. நீங்கதானே போடப்போறீங்க" என்று கார் மாமா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தொழிலில் அவ்வளவு பொறுமைசாலி. போன் அடித்தது. வங்கி மருமகன்.

"மாமா, நீங்க ஷோரூம் உள்ளதான் இருக்கீங்களா? பெரியம்மா இப்ப உள்ள போறதைப் பாத்தேன்."

கார் மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. "கொஞ்ச நேரம் அந்த போர்டையே பாத்துட்டு இருங்க, இதோ வந்துடறேன்" என்று தபால்காரரிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார். இஸ்திரி போட்ட சட்டை ஆணியிலேயே தொங்கியது.

ஷோரூமின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. விற்பனையாளர் பழைய ஆள். கார் மாமாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, வழக்கப்படி காபியோடு நேராக அவரை நோக்கி வந்தார். கார் மாமா கையை நீட்டினார். அக்கா மகள் நடுவில் வந்தாள்.

"வாங்கறது அம்மா. காபியை அங்க குடுங்க."

சொன்ன தொனியில் கோபம் எதுவும் இல்லை. நோயாளியிடம் 'காலை மடக்குங்க' என்று சொல்வாளே, அந்தத் தொனி. காபி கார் மாமாவின் மூக்குக்குக் கீழே மணத்துக்கொண்டே கடந்து போயிற்று. விற்பனையாளர் பதறிப்போய் அவர் கையில் ஒரு தம்ளர் தண்ணீரைக் கொடுத்தார்.

கூடத்தின் நடுவில் ஒரு மஞ்சள் கார் நின்றது. உயரமாக, சதுரமாக, நாலு பக்கமும் இஸ்திரி போட்டாற்போல. கார் மாமா அதைச் சுற்றி வந்தார். மறுபடியும் சுற்றி வந்தார். அவருக்கு அவமானம் தலைக்கேறியிருந்தது. அந்த மாதிரி நேரத்தில் அவர் நாக்குக்கு இன்னும் கொஞ்சம் கூர் ஏறும்.

"வண்டி எங்க? இது வண்டி வந்த பெட்டி மாதிரியில்ல இருக்கு. உள்ள இருந்ததை யாராவது எடுத்துட்டாங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. விற்பனையாளர் மட்டும் தொழில் தர்மத்துக்காகப் பாதி சிரித்து, அக்கா மகளின் முகத்தைப் பார்த்து, மீதியை விழுங்கிவிட்டார்.

"முன்னாடி மூக்கு இல்ல. பின்னாடி வால் இல்ல. இதுல மஞ்சள் வேற. அக்கா, நாலு பேர் கூடற இடத்துல இதுல போய் எப்படி இறங்குவே?"

அக்கா காபித் தம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். மூட்டு வலிக்காரி, மெல்லத்தான் வந்தாள். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். குனியவில்லை, எதையும் பிடிக்கவில்லை. வீட்டு நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள். பிறகு இறங்கினாள். மறுபடி உட்கார்ந்தாள். சின்னப் பிள்ளைபோல அதையே செய்துகொண்டிருந்தாள்.

"எப்படி இறங்குவேன்னுதானே கேட்டே? இப்படித்தான்டா" என்றாள். "அந்த வெள்ளைக் கார்ல நான் எப்படி இறங்குவேன்னு உனக்குத் தெரியுமா? தெரியாது. நீங்க எல்லாரும் மண்டபத்துக்குள்ள போற வரைக்கும் பையில எதையோ தேடற மாதிரி உள்ளேயே உக்காந்திருப்பேன். அப்புறம் உங்க அத்தான் வந்து ரெண்டு கையையும் பிடிச்சு இழுப்பாரு. நாலு பேர் பாக்கக் கூடாதுன்னு."

"யாரு ஓட்டப்போறா இதை?" என்று கார் மாமா பேச்சை மாற்றப் பார்த்தார்.

"நான்தான். தினமும் உன் கடை வாசல்லதானே கத்துக்கிட்டேன். நீயும் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிச்சியே."

கார் மாமா தண்ணீர்த் தம்ளரைப் பார்த்தார். உடம்பு பூராவும் சூடாகி, மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது. ஆனாலும் பழக்கம் விடுமா? நாக்கு தானாக எழுந்தது.

"சரிக்கா, அதெல்லாம் இருக்கட்டும். ஒரு டிக்கிகூட இல்லாம..."

அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அவர் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

"உங்க அத்தான் பச்சையா, நீளமா ஒரு வண்டிக்கு ஆசைப்பட்டாரு, ஞாபகம் இருக்கா? அந்த மாதிரி வண்டியில ஒரே ஒரு தடவைதான் போனாரு. அன்னிக்கு மட்டும் நீ டிக்கி எங்கேன்னு கேக்கல."

விற்பனையாளர் தூசே இல்லாத ஒரு பானெட்டைத் துடைக்கப் போய்விட்டார். கார் மாமாவுக்கு அந்த நாள் முழுசாகக் கண்முன் வந்தது. வாசலில் நின்ற அமரர் ஊர்தி, மட்டமாகப் போன அதன் கூரை, பின்னால் திறந்த ஒற்றைக் கதவு. அவர்தான் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தானை அதில் ஏற்றும்போது எங்கும் இடிக்கவில்லை. இடம் தாராளமாக இருந்தது. அது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. அழுகை வந்தது, அழவில்லை. தம்ளரிலிருந்த தண்ணீரை மடக்கென்று குடித்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தார்.

கடையில் தபால்காரர் சோதனைச் சட்டத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"மன்னிச்சுக்கங்க. வேற லென்ஸ் போட்டுப் பாத்துடலாமா?"

"வேணாங்க. இவ்வளவு நேரத்துல இதுவே பழகிடுச்சு. இதையே குடுத்துடுங்க."

வேறு நாளாயிருந்தால் கார் மாமா அவரோடு சண்டை போட்டிருப்பார். அன்று அவருக்கு, ரசனை ரசனை என்று உலகத்தில் ஆளாளுக்குப் பேசுவதெல்லாம் இதுதானோ என்று ஒரு சந்தேகம் தட்டியது. சந்தேகம் அவருக்குப் பழக்கமில்லாத விருந்தாளி. அன்று கடையைச் சீக்கிரமே சாத்தினார்.

அக்கா மஞ்சள் காரை எடுத்துவிட்டாள். மகளை வெளிநாட்டு வேலைக்கு வழியனுப்பிவிட்டு, சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் தானே ஓட்டிக்கொண்டு போனாள். பிளாஸ்டிக் உறையை முதல் நாளே உரித்து எறிந்துவிட்டதாகக் கேள்வி. கார் மாமா அந்தப் பக்கமே போகவில்லை. மாதக் கடைசியில் அவளே அவர் கடை வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தாள். திணறாமல், உறுமாமல், ஓரமாக வந்து நின்றாள்.

"தங்கச்சி வீட்டுக்குப் போறேன். வரியாடா?"

முன்சீட்டில் காய்கறிப் பை உட்கார்ந்திருந்தது. அதை எடுக்கும் எண்ணம் அக்காவுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. கார் மாமா பின்சீட்டில் ஏறினார். குனியாமல் ஏறினார் என்பதைக் கவனித்தார்; கவனித்ததை யாரிடமும் சொல்லவில்லை. கதவு 'டப்' என்றது. இதற்கு முன் எத்தனையோ கார்களைப் பார்த்திருக்கிறார்; உள்ளே இருந்து தெரு இப்படித் தெரியும் என்று அவருக்குத் தெரியாது.

கொஞ்ச தூரம் போயிருப்பார்கள், அவர் போன் அடித்தது.

"மாமா, வண்டியை மாத்தலாம்னு இருக்கேன்" என்றான் வங்கி மருமகன். "பெரியம்மா வண்டியைப் பாத்தேன். என்னா வண்டி! இப்ப ஆபீஸ்ல எல்லாரும் அந்தப் பெட்டி வண்டியைத்தான் பேசிக்கிறாங்க. நீங்கதானே பாத்துக் குடுத்தீங்க?"

'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். போன சிம்மாசனம் திரும்பி வந்துவிடும். இனி ஊரெல்லாம் பெட்டிக் கார் வாங்கும். எல்லாக் காபியும் அவருக்கே. வாய் 'ஆ' வரைக்கும் போய்விட்டது. முன்னால் தொங்கிய கண்ணாடியில் அக்காவின் கண்கள் தெரிந்தன. அவள் அவரைப் பார்க்கக்கூட இல்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லப்பா. அது அவளே பாத்தது."

"அப்படியா மாமா? சரி, வெச்சிடறேன்."

கார் மாமா போனைச் சட்டைப்பையில் போட்டார். நல்லது செய்தால் மனசு லேசாகும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அவருக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. பசித்தது, அவ்வளவுதான்.

உடனே அக்காவின் போன் அடித்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு எடுத்தாள்.

"நான் என்னப்பா சொல்றது? எனக்கு என்ன தெரியும்?" என்றுதான் ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் மருமகன் என்னவோ கெஞ்சினான். அக்கா சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தாள். மெல்ல மெல்ல அவள் குரல் நிமிர்ந்தது.

"சிவப்பா? வேணாம் வேணாம். மஞ்சள் எடு, தூரத்துலயே தெரியும். என்னது, வாலா? வால் எதுக்குடா, நீ என்ன மரத்துலயா தாவப்போறே? நீ பாட்டுக்குத் தனியா போய் எதையாவது வாங்கி வெச்சுடாதே. ஞாயித்துக்கிழமை போலாம். நான் கூட வரேன்."

போனை வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள். முகத்தில் ஒரு தனிக் களை வந்திருந்தது. அந்தக் களையைக் கார் மாமாவுக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருடம் அது அவர் முகத்தில்தான் குடியிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை நானும் வரட்டுமா?"

அக்கா யோசித்தாள். வளைவில் திரும்பி முடிக்கும்வரை யோசித்தாள்.

"வாயேன்" என்றாள். "உனக்குத் தண்ணி குடுப்பாங்க."